ஆயில் சேம்பர் கசிவைச் சரிசெய்த பிறகு எஞ்சின் இறுகிவிட்டது: 2011 ஸ்விஃப்ட் டீசல்

பொன்மலைக்காரி எழுதியது:

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வண்டி 2011-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் வி.டி.ஐ., 1248 சி.சி. டீசல் எஞ்சின். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் மதுரையிலிருந்து திரும்பும்போது துவரங்குறிச்சிக்கு அருகே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. "பழைய வண்டி, ஆயுள் முடிந்துவிட்டது" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்க்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி அப்பாவுடையது. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் டீசல் எஞ்சின் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, ஃபில்டர் மாற்றியது எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பார். பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி ஆயில் மாற்றியதாக அந்த நோட்டில் ஒரு பதிவுகூட இல்லை. கண் பார்வை குறைந்த பிறகு அவர் ஓட்டுவதில்லை, நான்தான் ஓட்டுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எஞ்சினுக்கு அடியில் ஆயில் கசிந்தது. சொட்டுச் சொட்டாக விழவில்லை, சேம்பரின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு) விளிம்பைச் சுற்றி ஈரம் மட்டும் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பட்டறையில் விட்டேன். சேம்பரைக் கழற்றி, சுத்தம் செய்து, பசை தடவி மீண்டும் பூட்டி, புது ஆயில், புது ஃபில்டர் போட்டு அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். ரசீதில் 'ஆயில் சேம்பர் லீக் வேலை' என்று எழுதியிருக்கிறது. கசிவு நின்றுவிட்டது.

அதன் பிறகுதான், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு ஆயில் விளக்கு எரியத் தொடங்கியது. அதற்கு முன், இத்தனை ஆண்டுகளில், சாவியைத் திருப்பும்போது எரிந்து அணைவதைத் தவிர அந்த விளக்கை நாங்கள் பார்த்ததே இல்லை. எரிந்த விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா இதைத்தான் முக்கியம் என்கிறார். காலையில் எடுக்கும்போது எரியாது. நகருக்குள் ஓட்டும்போது எரியாது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் எண்பது, தொண்ணூறில் போனால் மினுக்கும், பிறகு நிலையாக எரியும். ஓரம் கட்டி நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் விளக்கு அணைந்திருக்கும். மீண்டும் சில கிலோமீட்டர் போனதும் எரியும்.

உடனே பட்டறைக்குத் தெரிவித்தேன். ஆயில் அளவுக் குச்சியைப் பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது. "விட்டு விட்டு எரிவதால் சென்சார் கோளாறு" என்று சொல்லிப் புது சுவிட்ச் பொருத்தினார்கள். அப்போதும் நிற்கவில்லை. இரண்டாவதாகக் கேட்டபோது, "ஒயரிங்கில் ஏதோ இருக்கிறது மேடம், ஆயில் அளவு சரியாக இருக்கும்போது பயமில்லாமல் ஓட்டுங்கள், சாவகாசமாகப் பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது.

துவரங்குறிச்சிக்கு அருகே நடந்தது: விளக்கு எரிந்தது; வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவருவதற்குள் கீழிருந்து கனமான தட்டல் சத்தம்; சில நொடிகளில் எஞ்சின் தானாக நின்றது. மீண்டும் சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் ஒரு முறை 'டக்' என்றதோடு சரி. தண்ணீர் குறையவில்லை, எஞ்சின் சூடேறவும் இல்லை. இழுவை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டேன். இன்னும் யாரும் அதில் கை வைக்கவில்லை.

இப்போது அந்தப் பட்டறைக்காரர், "எங்களிடமே கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்க்கிறோம்" என்கிறார். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பார்க்காமலேயே எஞ்சின் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். காப்பீட்டில் இயந்திரக் கோளாறு அடங்காது என்று பதில் வந்துவிட்டது. எங்கே பிரிப்பது, எதைப் பார்ப்பது, அந்த வேலையால்தான் இது நடந்தது என்றால் எப்படி நிரூபிப்பது? பதிவுக்கு 15 ஆண்டு நிறையப்போகிறது. அந்த வயதில் இந்த வண்டிக்குச் செலவு செய்வது சரியா என்றும் சொல்லுங்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வாசலில் போய்ப் போய் வண்டியைப் பார்க்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.


சிங்காநல்லூர் லேத் எழுதியது:

அம்மா, முதல் வேலையாக ஒன்று: அந்த வண்டியைப் பழைய பட்டறைக்கு அனுப்பாதீர்கள். சேம்பரை யார் முதலில் கழற்றுகிறாரோ அவர் கையில்தான் உங்கள் சாட்சி முழுவதும் இருக்கிறது. ஒரு கிண்ணம் டீசல் ஊற்றிக் கழுவினால் எல்லாம் போய்விடும்.

நான் கோவையில் எஞ்சின் ரீகண்டிஷனிங் செய்கிறவன். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங், போரிங், ஹெட் வேலை எல்லாம் என் லேத்தில் நடக்கிறது. நீங்கள் விளக்கு எரிந்த விதத்தை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது: சேம்பருக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர், அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை.

பேரிங் (சுழலும் கிராங்கைத் தாங்கும் உறை) தேய்ந்த எஞ்சினில் விளக்கு வேறு மாதிரி எரியும். நன்றாகச் சூடாகி, ஆயில் இளகி, சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது மினுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏறும், அணைந்துவிடும். உங்களுடையது தலைகீழ். வேகத்தில் எரிகிறது, நிறுத்தி எடுத்தால் அணைகிறது. உறிஞ்சும் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். எஞ்சின் ஓடும்போது பம்ப் இழுக்கிற இழுப்பில் குப்பை வந்து வலையில் ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும், அடைப்பும் இறுகும். நிறுத்தினால் இழுப்பு இல்லை, குப்பை வலையை விட்டுச் சேம்பரின் அடியில் விழுந்துவிடும். மறுபடி எடுத்தால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருக்கும். விட்டு விட்டு எரிகிறது என்பதை வைத்துக்கொண்டு சென்சார் என்று சொன்னது பெரிய தவறு. அளவுக் குச்சி சேம்பரில் எவ்வளவு ஆயில் கிடக்கிறது என்று மட்டும்தான் காட்டும். அது பேரிங்குக்குப் போகிறதா என்று காட்டாது. ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜைத் திருகி, சூடான எஞ்சினை வேகத்தில் ஓட விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தக் கேஜ் இல்லாத பட்டறை ஆயில் விளக்கைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

அடைப்பு எதனால் வந்திருக்கும்? இந்த எஞ்சினின் சேம்பருக்குத் தனியாக கேஸ்கெட் கிடையாது. சிலிக்கான் பசைதான். பழைய பசையை முழுவதும் சுரண்டி, இரண்டு பக்கமும் ஆயில் பிசுக்கில்லாமல் துடைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரே இழையாக, போல்ட் துளைகளுக்கு உட்பக்கமாகச் சுற்றி இட வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தில் இறுகுகிற பொருள். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். அன்று மாலையே ஆயில் ஊற்றி எஞ்சினை ஓட்டினால், இறுகாத பசை ஆயிலோடு கலந்து நாடா நாடாவாகக் கழன்று வரும். கசியக் கூடாது என்று தாராளமாக அப்புகிறவர்கள் இருக்கிறார்கள். போல்ட்டை இறுக்கும்போது வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துவிடுவார்கள். உள்ளே பிதுங்கியதை யார் வழிப்பது?

இன்றே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். சேம்பர் விளிம்பில் பசை என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்று படம் எடுங்கள்.

பிரிப்பதைப் பற்றி: அந்தப் பட்டறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, அவர் வந்து பார்க்கும் வகையில் வேறொரு நல்ல பட்டறையில் பிரியுங்கள். ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணி கட்டிய வாளியில் வடித்து, ஒரு பாட்டில் நிரப்பி மூடி வையுங்கள். சேம்பர் இறங்கியதும் எதையும் துடைப்பதற்கு முன் படம், வீடியோ. ஸ்ட்ரெய்னரைக் கழற்றி அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளை விரித்து அதில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிக் எண்ட் (பிஸ்டனின் ராட் கிராங்கோடு சேரும் இடம்) பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த ராட் எந்த மூடி என்று மாறாமல் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.


நாமக்கல் ஓட்டுநர் எழுதியது:

சகோதரி, எதிர்ப்பேச்சு பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் இதே எஞ்சின் உள்ள டிசையரை வாடகைக்கு ஓட்டியவன். ஒன்றரை லட்சம் நெருங்கினால் இதில் டைமிங் செயின் (வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கும்படி கிராங்கோடு இணைக்கும் சங்கிலி) தளரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சரசரவென்று சத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் செயின் தாவி வால்வுகள் பிஸ்டனில் அடித்து, ராக்கர்கள் (வால்வை அழுத்தும் சிறு கைகள்) ஒடிந்து, எஞ்சின் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொப்பூர் இறக்கத்தில் இப்படித்தான் ஆனது. உங்கள் வண்டியிலும் செயின் போயிருந்தால், சேம்பர் வேலை செய்தவர்மேல் பழி போடுவது நியாயமாக இருக்காது. அவரும் பிழைப்புக்காகத்தான் பட்டறை வைத்திருக்கிறார். முதலில் செயினைப் பாருங்கள்.


சிங்காநல்லூர் லேத் எழுதியது:

நாமக்கல் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பிரித்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். செயின் மட்டும் தாவியிருந்தால் மேலே ராக்கர்கள் ஒடிந்திருக்கும், ஆனால் கீழே பேரிங் ஷெல்கள் (பேரிங்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள்) நன்றாக இருக்கும். கிராங்கில் ஒரு கீறலும் இருக்காது. ஆயில் போகாமல் இறுகியிருந்தால் ஷெல்லின் சாம்பல் பூச்சு வழிந்து செம்பு தெரியும், கிராங்கின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். செயின் தாவுவதால் கிராங்க் நீலமாகாது.

இன்னொன்று, இந்த எஞ்சினில் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அழுத்தம் விழுந்தால் செயினும் தளரும். அதனால் செயின் தாவியிருந்தாலும், எது முதலில் நடந்தது என்று ஷெல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தட்டல் கீழிருந்து வந்தது என்கிறார்கள், நின்ற பிறகு ஸ்டார்ட்டரால் சுற்ற முடியவில்லை என்கிறார்கள். என் கணிப்பு பிக் எண்ட்தான்.


தஞ்சை வாசகர் எழுதியது:

எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது. வழக்கு விஷயம் மட்டும் சொல்கிறேன். என் வீட்டு மோட்டார் பழுதுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் வந்த அனுபவம் உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு செய்த பழுதுபார்ப்பில் குறை என்றால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள் வரும். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், உங்களுக்குத் திருச்சியிலேயே இருக்கிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்ய முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில நேரம் அந்த ஓர் அழைப்பிலேயே எதிர்த்தரப்பு பேச்சுக்கு வரும்.

ஆனால் குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வண்டி நின்றது என்பது மட்டும் போதாது. அந்த வேலைக்கும் இந்தச் சேதத்துக்கும் உள்ள தொடர்பை விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிரிக்கும் பட்டறையிடம் அவர்கள் லெட்டர்ஹெட்டில், வண்டி எண், எஞ்சின் எண், கிலோமீட்டர், கண்டது என்ன என்று வாங்கிக்கொள்ளுங்கள். 'மோசமான வேலை' போன்ற சொற்கள் வேண்டாம். கண்ணால் கண்டது மட்டும் இருக்கட்டும். பட்டறைக்கு அனுப்பும் தகவலை விரைவுத் தபாலில் பதிவு வசதியோடு அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளில் எங்கே பிரிக்கிறோம், நேரில் வந்து பார்க்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். வராவிட்டாலும் அழைத்ததற்குச் சான்று இருக்கும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், கைபேசி மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் அப்பாவின் நீல நோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பராமரிக்காத வண்டி' என்று சொல்ல வருகிறவருக்கு அதைவிடப் பெரிய பதில் கிடையாது.


பொன்மலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பிரித்தோம். அரியமங்கலம் பக்கம் எஞ்சின் வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறை. தபால் கிடைத்து, பழைய பட்டறைக்காரரும் வந்திருந்தார். அப்பாவையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் வரவேண்டும் என்று அடம்பிடித்தார்.

லேத் ஐயா சொன்னபடி முதலில் அடியில் பார்த்தோம். விளிம்பில் சிவப்புப் பசை, பற்பசையைப் பிதுக்கி விட்டதுபோலச் சுற்றிலும் புடைத்திருந்தது. இரண்டு மூலைகளில் அதற்கடியில் பழைய சாம்பல் நிறப் பசையைச் சுரண்டாமலே விட்டிருந்தார்கள்.

ஆயில் துணியில் வடியும்போதே சிவப்புத் துணுக்குகள் தங்கின. சேம்பரை இறக்கியதும் ஸ்ட்ரெய்னர் நேருக்கு நேராகத் தெரிந்தது. வலை என்று சொல்ல முடியாது, வலையில் முக்கால் பங்கு சிவப்பாக இருந்தது. நூல் போன்ற இழைகள், விரல் நீளத்துக்கு ஒரு நாடா, அதன் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. மெக்கானிக் அந்த நாடாவை எடுத்துச் சேம்பரின் போல்ட் துளை ஒன்றில் வைத்துக் காட்டினார். அளவு அப்படியே பொருந்தியது. மிச்சமிருந்த வலைக் கண்களில் பொடிப் பொடியாக மினுமினுக்கும் உலோகம்.

பிக் எண்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் ஷெல்கள் செம்பாகிவிட்டன. மூன்றாவதில் ஷெல் இருந்த இடத்தைவிட்டுச் சுற்றியே இருக்கிறது. அந்த ஜர்னலில் நீலம் தெரிகிறது. முதலும் நான்காவதும் கீறலோடு தப்பியிருக்கின்றன. நாமக்கல் அண்ணா, நீங்கள் சொன்னதற்காக மேல் மூடியையும் கழற்றச் சொன்னேன். செயின் தளர்ந்திருக்கிறது, ஆனால் தாவவில்லை. டைமிங் குறிகள் சரியாகவே நிற்கின்றன. ராக்கர் ஒன்றும் ஒடியவில்லை. டர்போவின் தண்டு கையால் ஆட்டினால் பக்கவாட்டில் ஆடுகிறது.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்தோம். எஞ்சின் பட்டறைக்காரர் எழுதியும் கொடுத்துவிட்டார்.

பழைய பட்டறைக்காரர் நெடுநேரம் ஸ்ட்ரெய்னரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேம்பர் வேலை செய்த பையன் புதியவன்" என்றார். அப்பா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "விளக்கு எரிகிறது என்று என் மகள் வந்து சொன்னபோது பையனா பதில் சொன்னான்?" அவர் பேசவில்லை. மாலையில் தொலைபேசியில் அழைத்து, கூலி முழுவதையும் தானே ஏற்பதாகவும், உதிரிபாகச் செலவை நான் ஏற்கவேண்டும் என்றும், வேலையை அவர் பட்டறையிலேயே செய்வதாகவும் சொல்கிறார். உதிரிபாகம்தான் பெரிய தொகை. எனக்கு இதில் சம்மதம் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் கிடைக்கும், அதை வாங்கிப் பூட்டிவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.


தஞ்சை வாசகர் எழுதியது:

கூலியை மட்டும் ஏற்பது சமாதானம் ஆகாது. எஞ்சின் பட்டறையிடம் பாகம் வாரியாக மதிப்பீடு வாங்கி, அதை இணைத்து முழுத் தொகை கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பது அதற்குப் பிறகு நடக்கிற பேச்சு. செயினும் டென்ஷனரும் எப்படியும் மாற்ற வேண்டிய வயதில் இருப்பவை. அவற்றின் விலையை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். கேட்கிற தொகை நியாயமானது என்று யார் பார்த்தாலும் தெரியும். பணம் கைக்கு வருவதற்கு முன் 'முழுத் திருப்தி, இனி உரிமை கோரமாட்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய ஷெல்கள், ஸ்ட்ரெய்னர், அந்த நாடா எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கட்டும், பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.


சிங்காநல்லூர் லேத் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நான் என் பட்டறைப் பையன்களிடம் வாசித்துக் காட்டினேன். பசை அதிகமாகப் போனது கைத்தவறு, யாருக்கும் நேரலாம். விளக்கு எரிந்த பிறகும் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுவிட்சை மாற்றி அனுப்பியதில்தான் எஞ்சின் போனது. அன்றைக்கே சேம்பரை இறக்கியிருந்தால் ஒரு பசை டியூப், கொஞ்சம் ஆயிலோடு முடிந்திருக்கும்.

பழைய எஞ்சின் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது எத்தனை லட்சம் ஓடியது, எந்த ஆயிலில் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஆவணம் கேட்பார்கள். உங்களுக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நேரமும் வருகிறது. அப்போது எஞ்சின் எண் மாறியிருந்தால் வீண் அலைச்சல். உங்கள் பிளாக் (எஞ்சினின் உடல்) நன்றாக இருந்தால் அதையே செய்யுங்கள். புதுப்பித்தால் ஐந்து ஆண்டு கிடைக்கும். இவ்வளவு ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி அந்த ஐந்து ஆண்டும் ஓடும். இதே எஞ்சினை டாடா, ஃபியட் வண்டிகளிலும் போட்டிருக்கிறார்கள், ஆகவே மாருதி 2020-இல் டீசலை நிறுத்தினாலும் பேரிங், செயின், பம்ப் எல்லாம் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், எஞ்சின் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். நீலம் பாய்ந்த கிராங்கை நேராகக் கிரைண்டிங்கில் ஏற்றக் கூடாது. முதலில் விரிசல் சோதனை, பிறகு அந்த ஜர்னலின் கடினத்தன்மை. இரண்டிலும் தேறினால் அடுத்த அண்டர்சைஸுக்கு (ஒரு படி சிறிய அளவுக்கு) கிரைண்ட் செய்யலாம், தேறாவிட்டால் வேறு கிராங்க். ஷெல் சுற்றிய மூன்றாவது ராடின் கண் வட்டமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கிராங்கை பிளாக்கில் தாங்குகிற மெயின் ஷெல்களையும் பார்த்துவிடுங்கள், பிக் எண்டோடு நிறுத்தாதீர்கள். ராட் போல்ட்டுகள் புதியவை போடுங்கள். உலோகப் பொடி பம்ப் வழியாகப் போயிருப்பதால் பம்பும் புதிது. ஆயில் கூலரை மறுபடி போடவே கூடாது. அதற்குள் சிக்கிய பொடியை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. புது பேரிங் போட்ட மறுநாளே அது வெளியே வந்து வேலையைக் கெடுக்கும். பிளாக்கின் ஆயில் வழிகளில் உள்ள அடைப்புத் திருகுகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடிக்க வேண்டும். பிஸ்டனுக்கு ஆயில் தெளிக்கிற சிறு குழாய்களில் சிவப்புத் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டர்போவைச் சரிசெய்யும்போது அதற்கு ஆயில் போகும் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

பூட்டும் நாளில் சேம்பருக்குப் பசை இடும்போது நீங்களோ அப்பாவோ பக்கத்தில் இருங்கள். ஒரே இழை, மெல்லியதாக. மறுநாள்தான் ஆயில். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் போகாதபடி இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஆயில் சுவிட்ச் துளையில் கேஜைப் பூட்டி, ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுற்றச் சொல்லுங்கள். கேஜில் முள் எழுந்த பிறகுதான் இணைப்பை மாட்ட வேண்டும். ஓட விட்டுச் சூடானதும் ஐடிலிங்கிலும் வேகத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டர் காகிதத்தை விரித்துப் பாருங்கள். துகள் ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.